வாடகை, கரன்ட் பில், கேன்டீன்... கம்பெனி லாபத்தை தீர்மானிக்கும் 'கட்டட கணக்கு': கோவை, திருப்பூர் சொல்லும் பாடம் என்ன?

கோவை அவினாசி சாலையில் போகிற எல்லோருக்கும் லட்சுமி மில்ஸ் ஜங்ஷன் தெரியும். 1910-ல் ஜி.குப்புசாமி நாயுடு தொடங்கிய மில்லின் பெயர்தான் அந்த சந்திப்புக்கே பெயராகிவிட்டது. இன்று அந்த வளாகத்துக்குள் போகிற கூட்டத்தில் பெரும்பாலானவர்கள் ஷிப்டுக்கு போகிறவர்கள் இல்லை, ஷாப்பிங் போகிறவர்கள். 2023 ஜூன் மாதம் தமிழ்நாட்டின் முதல் லுலு ஹைப்பர்மார்க்கெட் திறக்கப்பட்டது இந்த மில் வளாகத்தில்தான்.

மில் கம்பெனி மூடப்பட்டுவிடவில்லை. பல்லடத்திலும் கோவில்பட்டியிலும் நூல் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆனால் ஊருக்கு நடுவில் உள்ள இடத்தில் ஸ்பிண்டில் ஓட்டுவதைவிட வாடகைக்கு விடுவது லாபம் என்று கணக்கு போட்டது நிர்வாகம். நூல் விலை ஏறி இறங்கும். வாடகை மாதாமாதம் வரும்.

அதே கோவையில் இதற்கு நேர் எதிரான காட்சியும் இருக்கிறது. மத்திய அரசின் தேசிய பஞ்சாலைக் கழகத்தின் (என்.டி.சி.) கையில் இருக்கும் பங்கஜா மில், கம்போடியா மில், முருகன் மில், ரங்கவிலாஸ் மில், 1888-ல் தொடங்கிய ஊரின் முதல் நூற்பாலையான 'ஸ்டேன்ஸ் மில்' ஆகிய 5 ஆலைகளும் 2020 மார்ச் ஊரடங்கில் நின்றவை. மெஷின் ஓடவில்லை. இடத்தின் மதிப்பு மட்டும் ஏறிக்கொண்டே போனது. தொழிலாளர்களோ முழுச் சம்பளம் கேட்டு வருஷக்கணக்கில் போராட வேண்டி வந்தது.

ஒரே ஊர், ஒரே தொழில், ஒரே மாதிரி பழைய மில் கட்டடம். ஒரு இடம் சம்பாதித்துக் கொடுக்கிறது. இன்னொரு இடம் சும்மா கிடக்கிறது. இந்த வித்தியாசத்தைத்தான் கார்ப்பரேட் உலகத்தில் 'கார்ப்பரேட் ரியல் எஸ்டேட்', 'ஃபெசிலிட்டி மேனேஜ்மென்ட்' என்று இரண்டு பெரிய பெயர்களில் சொல்கிறார்கள்.

அப்படின்னா என்ன?

ரியல் எஸ்டேட் என்றதும் பிளாட் போட்டு விற்பதுதான் ஞாபகம் வரும். இது அதுவல்ல. தொழில் நடத்த ஒரு கம்பெனிக்கு இடம் வேண்டும்: ஆபீஸ், குடோன், ஃபேக்டரி, ஹாஸ்டல். எந்த இடம், எவ்வளவு பரப்பு, சொந்தமா வாடகையா, எத்தனை வருஷ ஒப்பந்தம், எப்போது காலி செய்வது என்ற முடிவுகள் எல்லாம் கார்ப்பரேட் ரியல் எஸ்டேட்.

அந்த இடம் தினமும் ஒழுங்காக இயங்க வேண்டும் அல்லவா? கரன்ட், தண்ணீர், ஏசி, லிஃப்ட், ஜெனரேட்டர், தீயணைப்பு, செக்யூரிட்டி, ஹவுஸ்கீப்பிங், கேன்டீன், கழிவுநீர் சுத்திகரிப்பு எல்லாம் ஃபெசிலிட்டி மேனேஜ்மென்ட். சுருக்கமாக எஃப்.எம். இதற்கென்று 2018-ல் 'ஐ.எஸ்.ஓ. 41001' என்ற சர்வதேச தரச் சான்றே வந்துவிட்டது. சென்னையில் 1990-ல் தொடங்கப்பட்ட அப்டேட்டர் சர்வீசஸ் என்ற எஃப்.எம். கம்பெனி 2023 அக்டோபரில் பங்குச் சந்தைக்கே வந்துவிட்டது. கூட்டிப் பெருக்குகிற தொழில் என்று ஒதுக்கிவிட முடியாத அளவுக்கு துறை வளர்ந்திருக்கிறது.

கோவைக்கு இதில் இன்னொரு பெருமையும் உண்டு. ஏர்போர்ட், மால், ஆஸ்பத்திரிகளில் தரையைத் துடைத்தபடி போகும் பெரிய மெஷின்களை தயாரிக்கும் ரூட்ஸ் மல்டிகிளீன் கோவை கம்பெனிதான்.

சரி, இதுல லாபம் எங்கிருந்து வருது?

உலக அளவில் ஜே.எல்.எல். என்ற ரியல் எஸ்டேட் ஆலோசனை நிறுவனம் பிரபலப்படுத்திய ஒரு குத்துமதிப்பு கணக்கு உண்டு. '3-30-300'. ஒரு சதுர அடிக்கு கரன்ட், தண்ணீர் செலவு 3 டாலர் என்றால், வாடகை 30 டாலர், அங்கே உட்கார்ந்து வேலை பார்ப்பவர்களின் சம்பளம் 300 டாலர். ஆகவே கரன்ட் பில்லில் 10 சதவீதம் மிச்சம் பிடிப்பதைவிட, நல்ல வெளிச்சமும் காற்றும் கொடுத்து ஊழியரின் வேலைத்திறனை கொஞ்சம் கூட்டினாலே அதிக லாபம் என்பது இதன் வாதம்.

அமெரிக்க ஐ.டி. ஆபீசுக்கு இது சரியாக வரலாம். சரவணம்பட்டி, கீரணத்தம் ஐ.டி. வளாகங்களுக்கும் ஓரளவு பொருந்தும். ஆனால் கொங்கு மண்டலத்து மில், பவுண்டரி, சாயப்பட்டறை ஓனரிடம் இதைச் சொன்னால் சிரித்துவிடுவார். இங்கே கரன்ட் '3' அல்ல. நூற்பாலையில் பஞ்சுக்கு அடுத்தபடி பெரிய செலவுகளில் ஒன்று கரன்ட்தான். ஆகவே இந்த ஊர் கணக்கை கரன்ட் பில்லில் இருந்துதான் தொடங்க வேண்டும்.

கரன்ட் பில்லுக்குள் ஒளிந்திருக்கும் பணம்

2022 செப்டம்பர் 10-ந் தேதி தமிழ்நாட்டில் மின் கட்டணம் உயர்ந்தது. உயரழுத்த (ஹெச்.டி.) இணைப்பு வைத்திருக்கும் தொழிற்சாலைகளுக்கு டிமாண்ட் சார்ஜ் ஒரு கே.வி.ஏ.வுக்கு மாதம் 350 ரூபாயில் இருந்து 550 ரூபாய் ஆனது. யூனிட் விலை 6 ரூபாய் 75 காசு. காலை 6 முதல் 10 மணி வரையும், மாலை 6 முதல் இரவு 10 மணி வரையும் 'பீக் ஹவர்' என்று 25 சதவீதம் கூடுதல். இரவு 10 முதல் அதிகாலை 5 மணி வரை ஓட்டினால் 5 சதவீதம் தள்ளுபடி. அதன் பிறகும் கட்டணம் ஏறியிருக்கிறது. கணக்கு புரிவதற்கு இந்த எண்களே போதும்.

முதலில் டிமாண்ட் சார்ஜ். இது ஓடிய யூனிட்டுக்கு அல்ல, 'எனக்கு இவ்வளவு கரன்ட் தேவைப்படலாம், ஒதுக்கி வையுங்கள்' என்று மின்வாரியத்திடம் வாங்கி வைத்திருக்கும் அளவுக்கான கட்டணம். பாதிகூட பயன்படுத்தவில்லை என்றாலும், வாங்கிய அளவில் 90 சதவீதத்துக்கு கட்டியே ஆக வேண்டும்.

ஒரு கம்பெனி 500 கே.வி.ஏ. வாங்கி வைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நிஜமாக ஓடுவது 300-தான். பில் வருவது 450-க்கு. ஒதுக்கீட்டை 340 ஆக குறைத்துக்கொண்டால் பில் 306-க்கு வரும். 144 கே.வி.ஏ. மிச்சம். 550 ரூபாயால் பெருக்கினால் மாதம் 79,200 ரூபாய். வருஷத்துக்கு 9 லட்சத்து 50 ஆயிரம். ஒரு மெஷினைக்கூட நிறுத்தவில்லை, ஒரு ஆளைக்கூட குறைக்கவில்லை. ஒரு விண்ணப்பம், அவ்வளவுதான்.

ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு. ஆர்டர் கூடி ஓட்டம் திரும்பவும் 450-க்கு போனால், ஒதுக்கீட்டைத் தாண்டியதற்கு அபராதக் கட்டணம் வரும். மறுபடி கூட்ட வேண்டுமென்றால் டெபாசிட், வளர்ச்சிக் கட்டணம் என்று செலவு. அதனால் 'எப்பவாவது தேவைப்படும்' என்று பலர் அப்படியே விட்டுவிடுகிறார்கள். அடுத்த ஒரு வருஷ ஆர்டர் எப்படி இருக்கும் என்று மார்க்கெட்டிங் ஆளிடம் கேட்காமல், மெயின்டனன்ஸ் ஆள் தனியாக எடுக்கக்கூடிய முடிவு இல்லை இது. எஃப்.எம். என்பது ஸ்பேனர் பிடிக்கிற வேலை மட்டுமல்ல என்று சொல்வது இதனால்தான்.

அடுத்தது பீக் ஹவர். மேலே சொன்ன விலையில் பீக் நேர யூனிட் 8 ரூபாய் 44 காசு. இரவு யூனிட் 6 ரூபாய் 41 காசு. வித்தியாசம் சுமார் 2 ரூபாய். எந்த நேரத்திலும் செய்யக்கூடிய வேலையை, உதாரணமாக தண்ணீர் ஏற்றுவது, சார்ஜ் போடுவது, சில வகை ஃபர்னஸ் ஓட்டம், இரவுக்கு தள்ளி தினம் 1,000 யூனிட்டை மாற்றினால் 25 நாளைக்கு 50 ஆயிரம் ரூபாய்.

எல்லா தொழிலுக்கும் இது முடியாது. நூற்பாலை 24 மணி நேரமும் ஓடுவது. காலை 6 மணிக்கு ஸ்பிண்டிலை நிறுத்த முடியுமா? 20 பேர் வேலை பார்க்கும் லேத் பட்டறைக்கு நைட் ஷிப்ட் கட்டுப்படியாகாது. தாழ்வழுத்த இணைப்பில் உள்ள குறு, சிறு பட்டறைகளுக்கு நிலைக்கட்டணமும் பல மடங்கு ஏறியதால்தான் 2023 செப்டம்பர் 25-ந் தேதி தொழில் அமைப்புகள் ஒருநாள் கதவடைப்பே நடத்தின. மேலாண்மையால் சரிசெய்யக்கூடிய செலவும் உண்டு, அரசு மனசு வைத்தால் மட்டும் குறையும் செலவும் உண்டு. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

பல பட்டறைகளில் யாருமே பார்க்காத ஒன்று கம்ப்ரசர் காற்று. எல்ஜி கம்ப்ரசர் கோவையில் இருந்து உலகம் முழுக்க போகிறது. ஆனால் கோவை பட்டறைகளிலேயே காற்று பைப்பில் 'உஸ்ஸ்' என்று சத்தம் வந்துகொண்டே இருக்கும், யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். 7 பார் அழுத்தத்தில் 3 மில்லிமீட்டர் ஓட்டை ஒன்று இருந்தால், அதை ஈடுகட்ட 3 கிலோவாட்டுக்கு மேல் கரன்ட் ஓடும். வருஷம் 6,000 மணி நேரம் ஓடினால் 18,000 யூனிட். ஒரு ஓட்டைக்கு 1 லட்சத்து 20 ஆயிரம் ரூபாய். அதை அடைக்க ஆகும் செலவு ஒரு கிளிப்பும் அரை மணி நேரமும். ஞாயிற்றுக்கிழமை மெஷின் எல்லாம் நின்றிருக்கும்போது கம்ப்ரசரை மட்டும் ஓடவிட்டு கேட்டுப் பார்த்தால் ஓட்டை எங்கே என்று காதுக்கே தெரிந்துவிடும்.

கட்டடமே மெஷினாக இருக்கும் இடம்

நூற்பாலைக்குள் போனவர்களுக்குத் தெரியும், உள்ளே ஈரக் காற்று அடிக்கும். அது தொழிலாளி வசதிக்காக அல்ல, நூலுக்காக. ஈரப்பதம் குறைந்தால் நூல் அறுந்துகொண்டே இருக்கும், பஞ்சு பறக்கும். கூடினால் ரோலரில் சுற்றிக்கொள்ளும். அதனால் ஹியூமிடிஃபிகேஷன் பிளான்ட் என்று தனியாக வைத்து காற்றில் ஈரத்தை அளந்து விடுகிறார்கள். பாலக்காட்டு கணவாய் வழியாக காற்று வீசும் மாதங்களிலும், வறண்ட சித்திரை வெயிலிலும் ஒரே செட்டிங் வேலைக்கு ஆகாது.

கூரை ஒழுகாமல் இருப்பதும், ஃபேன் சுத்தமாக இருப்பதும், டக்ட் அடைக்காமல் இருப்பதும் நேரடியாக நூல் தரம் என்றாகிவிடுகிறது. அங்கே மெயின்டனன்ஸ் பட்ஜெட்டை வெட்டினால் அது செலவுக் குறைப்பு அல்ல, உற்பத்திக் குறைப்பு.

ஹாஸ்டல் சாப்பாடு நிறுத்திய ஐபோன் ஃபேக்டரி

ஃபெசிலிட்டியை அலட்சியமாக விட்டால் என்ன ஆகும் என்பதற்கு கொங்குக்கு வெளியே, தமிழ்நாட்டிலேயே ஒரு பெரிய உதாரணம் இருக்கிறது. 2021 டிசம்பரில், ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் தொழிற்சாலையில் வேலை பார்த்த பெண்கள் தங்கியிருந்த ஹாஸ்டலில் உணவு ஒவ்வாமை ஏற்பட்டு 150-க்கும் மேற்பட்டோர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டனர். என்ன ஆனார்கள் என்று தகவல் சரியாக சொல்லப்படாததால் வதந்தி பரவியது. ஆயிரக்கணக்கான பெண்கள் சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள்.

ஐபோன் அசெம்பிள் செய்யும் அந்த ஃபேக்டரி மூடப்பட்டது. சில ஹாஸ்டல்களும் சாப்பாட்டுக் கூடங்களும் தங்கள் தரத்துக்கு இல்லை என்று ஆப்பிள் நிறுவனமே சொல்லி, தொழிற்சாலையை கண்காணிப்பில் வைத்தது. 2022 ஜனவரி 12-ந் தேதிதான் மீண்டும் வேலை தொடங்கியது.

உலகத்தின் விலை உயர்ந்த போன் ஒன்றின் உற்பத்தியை நிறுத்தியது சிப் தட்டுப்பாடு அல்ல, சமையலறை. ஹாஸ்டலும் கேன்டீனும் ஒப்பந்தக்காரர் பொறுப்பில் இருந்தன. பெயர் கெட்டது யாருக்கு? அதன் பிறகு வல்லம் வடகால் சிப்காட்டில் 706 கோடி ரூபாயில், 18,720 பெண்கள் தங்கும் குடியிருப்பு கட்டப்பட்டு 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. 

திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கும், ஈரோடு, கோவை மில்களுக்கும் இது வேற்று ஊர் கதை அல்ல. பீகார், ஒடிசா, ஜார்க்கண்டில் இருந்து வரும் தொழிலாளர்களை நம்பித்தான் இங்கே பாதி லைன் ஓடுகிறது. ஐரோப்பிய, அமெரிக்க பிராண்டுகள் ஆர்டர் கொடுக்கும் முன் ஆடிட்டரை அனுப்புகின்றன. அவர் தையல் மட்டும் பார்ப்பதில்லை. ஹாஸ்டல் ரூமில் எத்தனை பேர், கழிப்பறை எத்தனை, அவசர வழி பூட்டியிருக்கிறதா, ஃபயர் எக்ஸ்டிங்விஷர் தேதி முடிந்துவிட்டதா என்று எழுதிக்கொண்டு போகிறார். 50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று 2017-ல் மகப்பேறு நலச் சட்டம் திருத்தப்பட்டது. இவை இல்லாமல் ஆர்டர் கிடைக்காது என்ற நிலைதான் இன்று.

சாயத் தண்ணீர் சொன்ன பெரிய கணக்கு

திருப்பூரின் கதை இதைவிட கசப்பானது. சாயப்பட்டறைகள் கழிவை நொய்யலில் விட்டன. 1992-ல் விவசாயத்துக்காக கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை, சாயக்கழிவு தேங்கும் குட்டையாக மாறியது. கிணறு, தென்னை, மாடு எல்லாம் போனது. விவசாயிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2011 ஜனவரி இறுதியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட, 700-க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகள் ஒரே அடியாக மூடப்பட்டன. மின் இணைப்பும் துண்டிக்கப்பட்டது.

துணி தைக்க ஆள் இருந்தது, ஆர்டர் இருந்தது, மெஷின் இருந்தது. சாயம் போட இடம் இல்லை. துணி வெளியூருக்குப் போய் சாயம் ஏறி வர வேண்டியிருந்தது. வேலை இல்லாமல் ஊரைவிட்டுப் போனவர்கள் ஏராளம். கழிவுநீர் சுத்திகரிப்பு என்ற ஒரே ஒரு ஃபெசிலிட்டியை வருஷக்கணக்கில் தள்ளிப்போட்டதற்கு ஒரு நகரமே கொடுத்த விலை இது. இதில் விவசாயிகள் இழந்ததை எந்த கம்பெனி கணக்குப் புத்தகத்திலும் எழுதவில்லை.

அதற்குப் பிறகு வந்ததுதான் 'ஜீரோ டிஸ்சார்ஜ்'. பொது சுத்திகரிப்பு நிலையங்களில் கழிவுநீரை ஆர்.ஓ. வடிகட்டி, மிச்சத்தை ஆவியாக்கி உப்பாக எடுத்து, 90 சதவீதத்துக்கு மேல் தண்ணீரை மறுபடி சாயத்துக்கே பயன்படுத்துகிறார்கள். செலவு அதிகம், கரன்ட் ஏராளமாக குடிக்கும். ஆனால் இன்று திருப்பூர் வெளிநாட்டு பையரிடம் 'நாங்கள் தண்ணீரை மறுசுழற்சி செய்கிறோம்' என்று விற்பது இதைத்தான். தண்டனையாக வந்தது விளம்பரமாகிவிட்டது.

தண்ணீர் உள்ளே வருவதிலும் திருப்பூர் ஒரு முன்னோடி. பவானி - காவிரி பகுதியில் இருந்து சுமார் 55 கிலோமீட்டர் குழாய் போட்டு, தினம் 18.5 கோடி லிட்டர் கொண்டுவரும் திட்டம் 2005-06-ல் செயல்பாட்டுக்கு வந்தது. அரசும் தனியாரும் ஏற்றுமதியாளர்களும் கூட்டு சேர்ந்த திட்டம். தனித்தனியாக லாரித் தண்ணீர் வாங்கிக்கொண்டிருந்த கம்பெனிகள் சேர்ந்து ஃபெசிலிட்டி கட்டின என்று இதைச் சொல்லலாம். சின்ன கம்பெனிகளுக்கு இந்த 'சேர்ந்து கட்டுவது' ரொம்ப முக்கியம். கள்ளப்பாளையத்திலும் மோப்பிரிபாளையத்திலும் கொடிசியா தொழிற்பூங்கா அமைத்ததற்கும் இதே யோசனைதான் அடிப்படை.

ஆபீஸ் வாடகை: விலை குறைவு என்பது உண்மையா?

2010-ல் விளாங்குறிச்சியில் டைடல் பார்க் திறந்ததில் இருந்து கோவையின் ஐ.டி. முகவரி மாறத் தொடங்கியது. 2024 நவம்பரில் அதே பகுதியில் எல்காட் சார்பில் சுமார் 3 லட்சம் சதுர அடியில் இன்னொரு கட்டடம் வந்தது. உப்பிலிபாளையத்தில் இருந்து கோல்டுவின்ஸ் வரை 10.1 கிலோமீட்டர் ஜி.டி.நாயுடு மேம்பாலம் 2025 அக்டோபரில் திறக்கப்பட்டது. ஒரு பாலம் வந்தால் ஊழியர் பயண நேரம் மாறும், அதோடு ஆபீஸ் எங்கே இருக்கலாம் என்ற கணக்கும் மாறும்.

வாடகைக்கு இடம் பார்க்கும்போது பல கம்பெனிகள் ஏமாறும் இடம் 'சூப்பர் பில்ட்-அப்'. வராண்டா, லிஃப்ட், படிக்கட்டு எல்லாம் சேர்த்து அளந்த பரப்பு அது. நாற்காலி போட முடிவது கார்பெட் ஏரியாவில் மட்டும். கணக்குக்காக இரண்டு கட்டடம் எடுத்துக்கொள்வோம். முதலாவது சதுர அடி 50 ரூபாய், ஆனால் பயன்படும் இடம் 70 சதவீதம். இரண்டாவது 58 ரூபாய், பயன்படும் இடம் 85 சதவீதம். வகுத்துப் பாருங்கள்: முதலாவது நிஜத்தில் 71 ரூபாய் 40 காசு, இரண்டாவது 68 ரூபாய் 20 காசு. 'விலை அதிகம்' என்று ஒதுக்கிய கட்டடம்தான் மலிவு.

இதற்கு மேல் பொதுப் பராமரிப்புக் கட்டணம், 18 சதவீத ஜி.எஸ்.டி., ஜெனரேட்டர் யூனிட் விலை எல்லாம் இருக்கின்றன. ஒப்பந்தத்தில் 'லாக்-இன்' எத்தனை வருஷம் என்பது எல்லாவற்றையும்விட முக்கியம். கொரோனா காலத்தில் ஆபீஸ் காலியாக கிடக்க, வாடகை மட்டும் போய்க்கொண்டிருந்த கம்பெனிகளுக்கு இந்த ஒரு வரியின் அர்த்தம் நன்றாகவே புரிந்தது.

சிறப்புப் பொருளாதார மண்டலத்தில் (எஸ்.இ.இசட்.) இடம் எடுப்பதில் இன்னொரு மாற்றம். புதிதாக வரும் நிறுவனங்களுக்கான வருமான வரிச் சலுகை 2020-ல் முடிந்துவிட்டது. அதன் பிறகு பல மண்டலங்களில் தளம் தளமாக காலி விழுந்தது. 2023 டிசம்பரில் மத்திய அரசு விதியைத் திருத்தி, ஒரே கட்டடத்தில் சில தளங்களை மட்டும் மண்டலத்தில் இருந்து விடுவித்துக்கொள்ளலாம் என்றது. உள்நாட்டு கம்பெனிகளும் அங்கே வாடகைக்கு வர இப்போது வழி இருக்கிறது.

மலிவான ஹவுஸ்கீப்பிங் கொட்டேஷன்: யார் தலையில் கை?

எஃப்.எம். என்றாலே அவுட்சோர்சிங். மூன்று கொட்டேஷன் வாங்கி, குறைந்ததற்கு கையெழுத்து போடுவது வழக்கம். இங்கேதான் கவனம் வேண்டும்.

ஒரு துப்புரவுப் பணியாளருக்கு மாதச் சம்பளம் 12,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பி.எஃப். முதலாளி பங்கு நிர்வாகக் கட்டணத்தோடு 13 சதவீதம், அதாவது 1,560. இ.எஸ்.ஐ. 3.25 சதவீதம், 390. குறைந்தபட்ச போனஸ் 8.33 சதவீதம், ஏறக்குறைய 1,000. மொத்தம் 14,950. யூனிஃபார்ம், லீவு, ஒப்பந்தக்காரர் லாபம் எதுவும் இன்னும் சேர்க்கவில்லை. அப்படியிருக்க ஒருவர் 13,500-க்கு ஆள் தருகிறேன் என்றால் அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது? பணியாளரின் பி.எஃப்-பில் இருந்து, இல்லையென்றால் சம்பளத்தில் இருந்து.

'அது ஒப்பந்தக்காரர் பாடு' என்று கம்பெனி கைகழுவ முடியாது. 1970-ம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் தொட்டே, ஒப்பந்தக்காரர் சம்பளம் தராவிட்டால் முதன்மை முதலாளிதான் தர வேண்டும். மலிவு என்று வாங்கியது பிறகு பாக்கியாக வரும்.

சில நேரம் உயிரே போகும். 2025 மே மாதம், பல்லடம் அருகே கரைப்புதூரில் ஒரு சாயப்பட்டறையின் கழிவுத் தொட்டிக்குள் இறங்கிய தொழிலாளர்கள் விஷவாயு தாக்கி இறந்தார்கள். கழிவுநீர் தொட்டியில் பாதுகாப்பு இல்லாமல் மனிதரை இறக்குவது 2013 சட்டப்படி குற்றம். இத்தகைய மரணங்களுக்கு இழப்பீடு 30 லட்சம் ரூபாய் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உயர்த்தியது. உறிஞ்சும் லாரியை கூப்பிட்டிருந்தால் சில ஆயிரம் ரூபாயில் முடிந்திருக்கும் வேலை.

'ஏனுங்க, நம்ம பட்டறைக்கு இதெல்லாம் ஆகுமுங்களா?'

கணபதியிலோ குறிச்சியிலோ 15 பேரை வைத்து லேத், மில்லிங் ஓட்டுபவர் தனியாக ஒரு ஃபெசிலிட்டி மேனேஜர் போட முடியாது. போடவும் தேவையில்லை. கடந்த 12 மாத கரன்ட் பில்லை வரிசையாக வைத்து, வாங்கிய லோடு எவ்வளவு, ஓடிய லோடு எவ்வளவு, பவர் ஃபேக்டர் அபராதம் வந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும். கெப்பாசிட்டர் பழுதாகி மாதக்கணக்கில் அபராதம் கட்டுவது சர்வசாதாரணம். பில்லை கட்டுபவர் கணக்குப்பிள்ளை, பேனலைப் பார்ப்பவர் எலக்ட்ரீஷியன். இருவரும் பேசிக்கொள்வதில்லை.

அடுத்தது வாடகை ஒப்பந்தம். கட்டட ஓனருக்கு ஜி.எஸ்.டி. பதிவு இல்லை, பட்டறைக்கு வழக்கமான பதிவு இருக்கிறது என்றால், 2024 அக்டோபர் 10 முதல் வணிக இடத்து வாடகைக்கான வரியை வாடகைதாரரே கட்ட வேண்டும். தகுதி இருந்தால் உள்ளீட்டு வரியாக திரும்ப எடுத்துக்கொள்ளலாம். கட்டாமல் விட்டால் வட்டியோடு நோட்டீஸ் வரும்.

மின் இணைப்பு யார் பெயரில் இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். ஓனர் பெயரில் இருந்தால், லோடு கூட்டவோ குறைக்கவோ ஓனர் கையெழுத்து தேவை. கூரையில் சோலார் போட நினைப்பவர்கள் குறிப்பாக இதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. 25 வருஷம் ஓடக்கூடிய பேனலை 11 மாத வாடகை ஒப்பந்தத்தை நம்பி மாட்டினால், காலி செய்யும் நாளில் பேனல் யாருக்கு என்ற தகராறு நிச்சயம்.